உறக்கத்திற்கும் ஒரு பாத்தியதை

காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே, ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலை வாயில்களிலிருந்து புறப்படும் கம்பெனிப் பேருந்துகளிலும், பல்லடம், திண்டுக்கல் வட்டாரங்களில் நூற்பாலைகளிலிருந்து கிளம்பும் வேன்களிலும், ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்து உறங்கியபடியே வீடு திரும்பும் பெண்களைக் காணாதவர் நம்மில் அநேகமாக இல்லை. இரவு முழுதும் விழித்திருந்து உழைத்தவர்கள் இனி வீட்டுக்குப் போய் நிம்மதியாக உறங்குவார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வீட்டில் ஒரு தாயோ மாமியாரோ கணவனோ அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு ஆயத்தம் செய்திருப்பார்கள் என்பது அந்த எண்ணத்துக்குள் நாம் கேளாமலே வைத்துக்கொள்ளும் ஊகம். அந்த ஊகம் பொருந்தாத ஒருத்தியும் அந்தப் பேருந்தில் இருக்கிறாள். கணவனை இழந்தவளாகவோ, கைவிடப்பட்டவளாகவோ, கொடுமை தாங்காமல் விலகி வந்தவளாகவோ, பெயரளவில் கணவன் இருந்தும் குடியினால் அவனும் ஒரு பாரமாகிவிட்டவளாகவோ, குழந்தைகளைத் தனியே வளர்க்கும் அவளுக்கு, இராவேலை முடிகிற கணத்திலேயே பகல் வேலை ஆரம்பமாகிறது.

அவளுடைய களைப்பைப் பற்றி நம் சமூகத்தில் இரண்டு விதமான பேச்சுகளே வழங்கிவருகின்றன. ஒன்று, தாய்மையின் தியாகம் என்று அதைப் போற்றுவது; மற்றொன்று, நேரத்தைத் திட்டமிட்டுச் செலவழிக்கத் தெரியவில்லை என்று அவளுக்கு உபதேசம் செய்வது. போற்றுவோரும் உபதேசிப்போரும் வெவ்வேறு திசைகளிலிருந்து புறப்பட்டாலும் ஒரே இடத்தில் வந்து சேருகிறார்கள். அந்தக் களைப்பு அவளுடைய சொந்த விஷயம், அதைச் சுமப்பதோ குறைத்துக்கொள்வதோ அவள் பொறுப்பு என்பதே இரு சாராரின் முடிவும். என் அபிப்பிராயம் வேறு. வேலைக்கு எட்டு மணி நேரம் என்று எண்ணி வரம்பு கட்டிய சமூகம், அந்த வேலை செய்தவர் உறங்குவதற்குரிய நேரத்தையும் எண்ணிக் காப்பாற்றக் கடமைப்பட்டது. தனியே பிள்ளை வளர்க்கும் ஷிப்ட் தொழிலாளியின் உறக்கம், கூலியைப் போலவும் வார விடுமுறையைப் போலவும், பொது ஏற்பாட்டினால் காக்கப்பட வேண்டிய ஒரு பாத்தியதை.

இது எங்கோ ஒரு மூலையில் சிலருக்கு நேர்ந்த கஷ்டம் அன்று. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பது மத்திய அரசின் ஆண்டுத் தொழில் ஆய்வு காட்டும் கணக்கு. நாம் மேடைதோறும் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கணக்கும் அதுவே. அவர்களோடு மருத்துவமனைச் செவிலியரையும், காவலரையும், தூய்மைப் பணியாளரையும், ஓட்டல்களிலும் விமான நிலையங்களிலும் வேலை பார்ப்போரையும், கடல் கடந்த வாடிக்கையாளரின் பகலுக்காகத் தம் இரவைக் கணினி முன் கழிப்போரையும் சேர்த்தால், இரவில் உழைத்துப் பகலில் உறங்க முயலும் பெண்களின் தொகை ஒரு பெரும் ஜனத்திரளாகும். கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்களில் பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று தொழிலாளர் சொல்லும் மூன்று முறைகளும் மாறி மாறி வருகின்றன. சென்ற வாரம் கண் மூடிய நேரம் இந்த வாரம் எந்திரத்தின் முன் நிற்கும் நேரமாகிறது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் கூலியே ஷிப்ட் கணக்கில்தான் பேசப்படுகிறது; ஒன்றரை ஷிப்ட் என்பது அங்கே சர்வ சாதாரணம், காலை எட்டரைக்கு உள்ளே போனவள் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு வெளியே வருவாள், ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் அதற்கும் மேலாகும். செவிலியர்க்கோ பல மருத்துவமனைகளில் இரவுப் பணி பன்னிரண்டு மணி நேரம்.

முழு நைட் முடித்து வந்தவளின் பகல் எப்படிக் கழிகிறது என்பதைச் சற்று நிதானமாகக் கவனிப்பது அவசியம். ஏழு மணிக்கு வீடு வந்தவுடன் சோறு வடித்து, தலை பின்னிவிட்டு, சீருடை மாட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின், துணியும் பாத்திரமும் குழாய்த் தண்ணீரும் ரேஷன் கடையும் காத்திருக்கின்றன. இவையெல்லாம் தீர்ந்து பதினொரு மணியளவில் பாயை விரித்தால், கேஸ் சிலிண்டர்க்காரர் கதவைத் தட்டுகிறார், குழுக் கடன் வாரத் தவணைக் கூட்டத்துக்கு ஆள் வருகிறது, பக்கத்து வீட்டுச் சுப காரியத்துக்கு ஒலிபெருக்கி கட்டுகிறார்கள். நான்கு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். இடையில் கிடைப்பது துண்டு துண்டான மூன்று, நான்கு மணி நேரம். நம் நாட்டின் ஒலி மாசு விதிகள், 2000-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டவை, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. இரவில் உறங்குகிறவனின் உறக்கத்தைச் சட்டம் மதிக்கிறது என்பதற்கு அது நல்ல அத்தாட்சி. ஆனால் அவன் உறங்குகையில் அவனுக்காக நூல் நூற்றும், செல்போன் பூட்டியும், அவனுடைய நோயாளித் தகப்பனுக்கு ஊசி போட்டும் விழித்திருந்தவள், பகலில் உறங்கும்போது அவளுக்கு அத்தகைய காப்பு ஏதும் இல்லை. பகலில் படுத்திருப்பவள் சும்மா படுத்திருப்பவள் என்பதே தெருவின் தீர்ப்பு.

பகலுறக்கம் இரவுறக்கத்துக்கு ஈடாகாது என்பது பாட்டிமார் சொல்லும் பழைய நம்பிக்கை மட்டுமல்ல, உடலியல் அறிந்த உண்மையும்கூட. தேகத்தின் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய இருபத்துநான்கு மணி நேரச் சுழற்சி ஒன்று இயங்குவதையும், அதை மரபணுக்கள் நடத்தும் விதத்தையும் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்புத் திரள் இந்தச் சுழற்சியை நெறிப்படுத்துகிறது. ஆகையால் காலை வெயிலில் பேருந்திலிருந்து இறங்கி நடந்து வருகிறவளின் உடம்பு, அவள் எவ்வளவு களைத்திருந்தாலும், இது விழித்திருக்க வேண்டிய வேளை என்றே முடிவு கட்டிவிடுகிறது. வாரந்தோறும் ஷிப்ட் மாறினால், புதிய நேரத்துக்கு உடம்பு பழகி முடிவதற்குள் அடுத்த மாற்றம் வந்து நிற்கிறது. உறக்கக் குறைவோ கந்துவட்டிபோல ஏறிக்கொண்டே போவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாள் முழுதும் படுத்து அதை அடைத்துவிட முடியாது.

இதன் விளைவு வெறும் கொட்டாவியோடு நிற்பதில்லை. தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கைத்திறனும், இரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் ஏறியவருடைய அளவுக்குத் தாழ்ந்துவிடுகின்றன என்று டாசன், ரீட் என்ற இரு ஆராய்ச்சியாளர் 1997-இல் வெளியிட்ட பரிசோதனை காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டம் வண்டியோட்டிக்கு அனுமதிக்கும் எல்லையோ 0.03 சதவீதம். அதாவது, சாலையில் ஸ்கூட்டர் ஓட்டத் தகுதியற்றவன் என்று சட்டம் தள்ளிவைக்கும் நிலையைவிட மோசமான நிலையில், ஒரு தாய் கொதிக்கும் உலையின் பக்கத்தில் நிற்கிறாள், குழந்தையின் காய்ச்சல் மருந்தைக் கரண்டியில் அளக்கிறாள், மறுபடி இரவில் போய் எந்திரத்தில் கை வைக்கிறாள். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, உடலின் இந்தச் சுழற்சியைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை, மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற வகையில் 2007-இலேயே சேர்த்து, 2019-இல் இரவு ஷிப்ட் வேலையைப் பற்றி அதையே மீண்டும் உறுதி செய்தது. இவையெல்லாம் தெரிந்த பிறகும் களைப்பை மனவுறுதியின் குறையென்று பேசுவது நியாயமாகாது.

குழந்தைகளின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். உறக்கமிழந்தவரிடம் முதலில் தேய்ந்துபோவது பொறுமை. அன்பு அப்படியே இருக்க, அன்பைக் காட்டும் சக்தி குறைந்துவிடுகிறது. பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஏதோ கேட்ட பிள்ளையின் மேல் எரிந்து விழுந்துவிட்டு, அது உறங்கிய பின் அதன் தலையை வருடி அழும் தாய்மார் எத்தனையோ பேர். எட்டு, ஒன்பது வயதுப் பெண் குழந்தை தம்பிக்குத் தாயாகிவிடுகிறது. இரவில் வெளியே பூட்டிய வீட்டுக்குள், பக்கத்து வீட்டு அக்காவின் காதை நம்பி, இரு குழந்தைகள் படுத்திருக்கின்றன. இதை அறிந்தவர்கள் உடனே தாயைக் குற்றம் சாட்டத் துணிகிறார்கள். இரவு வேலைக்குப் போகாவிட்டால் அந்தக் குழந்தைகளுக்கு ஆகாரம் இல்லை, போனால் காவல் இல்லை என்ற இரண்டுக்கும் நடுவே நிற்பவளிடம், எதைத் தேர்ந்தெடுத்தாலும் குற்றம் என்று சொல்வது தர்மசாஸ்திரத்திலும் இல்லாத தண்டனை.

இந்த நிலைமைக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. பைக்காராவின் நீர்மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தபோது அங்கே மில்கள் பெருகின. மின்விளக்கின் வெளிச்சத்தில் எந்திரத்துக்கு இரவென்றும் பகலென்றும் பேதமில்லாமல் போயிற்று. அதற்கும் முன்னரே, 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் வாடியா என்பவரின் தலைமையில் தோன்றியபோது, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் முறையிட்ட குறைகளில் உணவு இடைவேளை போதவில்லை என்பதும் ஒன்று. திரு.வி.க. போன்றோர் தோள் கொடுத்து வளர்த்த அந்தச் சங்கம், ஓய்வு என்பது முதலாளியின் தயவு அன்று, உழைப்பவனின் உரிமை என்பதை இந்த மண்ணில் நிலைநாட்டத் தொடங்கியது. சுதந்திர இந்தியாவின் தொழிற்சாலைகள் சட்டம் 1948-இல் வந்து, நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கும் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணிக்கும் மேல் வேலை வாங்கலாகாது என்று வரம்பு கட்டியது. பெண்களைக் காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. மாநில அரசு அந்த நேரத்தைத் தளர்த்தலாம் என்று இடம் கொடுத்தபோதிலும், இரவு பத்து முதல் காலை ஐந்து வரை எந்தத் தளர்வும் கூடாதென்றது.

அந்தத் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில், வசந்தா என்பவர் தொடுத்த வழக்கில், அரசியல் சாசனம் வழங்கும் சமத்துவத்துக்கு விரோதமானதென்று ரத்து செய்தது. பாதுகாப்பு, போக்குவரத்து முதலிய நிபந்தனைகளோடு பெண்களும் இரவில் வேலை செய்யலாமென்ற அத்தீர்ப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் வேலையையும் கூலியையும் மறுப்பது காப்பாற்றுவதாகாது. அதே போக்கில், நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பெண்ணின் சம்மதத்தோடு எந்த நேரத்திலும் அவளை வேலைக்கு வைக்கலாமென்று நாடு முழுமைக்கும் விதித்துவிட்டன. இப்படிச் சட்டம் சிந்தித்த ஆபத்துகளைக் கூர்ந்து பார்த்தால், அவையெல்லாம் பெரும்பாலும் வீட்டு வாசலுக்கும் ஆலை வாசலுக்கும் இடைப்பட்ட சாலையிலும், ஆலைக்குள்ளும் நிகழக்கூடியவை; அவள் புறப்பட்டு வந்த வீட்டுக்குள் இரவில் யார் இருக்கிறார்கள், திரும்பிய பின் பகலில் அவள் எப்போது உறங்குவாள் என்ற இரண்டு கேள்விகளும் சட்டத்தின் பார்வைக்கு வெளியே நின்றுவிட்டன. சம்மதம் என்ற சொல்லும், வாடகைக்கும் பள்ளிச் செலவுக்கும் தவணைக்கும் பதில் சொல்ல வேண்டியவளின் வாயில், நிர்ப்பந்தத்தின் மறுபெயராக ஒலிப்பதுண்டு.

குழந்தைக் காப்பகம் என்ற ஒன்று சட்டத்தில் இல்லாமலில்லை. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு அந்தக் கடமையை விதித்து, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாமென்று 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கூறியது. எழுத்தில் இவ்வளவு கருணை இருந்தும், நடைமுறையில் காப்பகங்கள் பகலுக்கென்றே அமைந்துவிடுகின்றன. வரம்புக்குக் கீழ்ப்பட்ட சிறு பட்டறைகளுக்கு இந்தக் கடமையே இல்லை. ஏழு வயதுப் பிள்ளையோ சட்டத்தின் கணக்கில் குழந்தையே அல்ல. பகலில் பள்ளியாவது அதற்கு உண்டு, இரவில் அதற்கு யாருமில்லை. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் நம் மாநிலத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன; அவை செய்துவரும் சேவை மகத்தானது; ஆயினும் அவற்றின் கதவுகள் மாலைக்குள் மூடிவிடுகின்றன. ஆலைகள் மூன்று ஷிப்ட் ஓடுகின்றன, குழந்தைகளுக்கான ஏற்பாடுகள் ஒரே ஷிப்டில் நிற்கின்றன.

தொழில் உலகம் தன் மனத்தில் வரைந்துகொண்டிருக்கும் பெண் தொழிலாளி யாரென்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூருக்கருகே வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெரும் குடியிருப்பு ஒன்றை அரசு கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்துவைத்தது. வெளியூரிலிருந்து வரும் இளம் பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் கிடைத்தது பாராட்டத்தக்கதே. ஆனால் ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் அத்தகைய விடுதிகள், பின்னால் ஒரு குடும்பம் இல்லாமல், தனியாளாக வந்து நிற்கும் பெண்ணை எண்ணியே கட்டப்படுகின்றன. மணமாகும் வரை உழைப்பாள், பிறகு போய்விடுவாள், அவளிடத்தில் வேறொருத்தி வருவாள் என்பதே அந்தத் திட்டத்தின் உட்பொருள். கையில் குழந்தையோடு வருகிறவள் அந்தச் சித்திரத்தில் இல்லை. முப்பது வயதில் விதவையாகித் திரும்பி வருகிறவளும் இல்லை. அவள் தன் அடையாளத்தை மறைத்தோ, குழந்தையைத் தாய்வீட்டில் விட்டுப் பிரிந்தோதான் அங்கே இடம்பெற முடிகிறது.

பொது ஏற்பாட்டினால் ஒரு தாய்க்கு உறக்கம் அளிக்க முடியுமா என்று சந்தேகிப்போர் இருக்கலாம். முடியும் என்பதற்குக் கண்முன் சாட்சியங்கள் இருக்கின்றன. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தைப் பசியைப் போக்கும் திட்டமாகவே எல்லோரும் பேசுகிறோம். அது அப்படியே உண்மை. ஆயினும் முழு நைட் முடித்து வரும் தாயின் வீட்டில் அது ஒரு மணி நேர உறக்கமாகவும் மாறுகிறது. அடுப்பின் முன் நிற்க வேண்டிய அந்த ஒரு மணியைப் பள்ளிச் சமையலறை அவளிடமிருந்து வாங்கிக்கொள்கிறது. பெண் காவலரின் காலை அணிவகுப்பை ஏழு மணியிலிருந்து எட்டு மணிக்கு மாற்றுவதென்று 2023 மார்ச்சில் வந்த அறிவிப்பும் இத்தகையதே. இவ்விரண்டும் நமக்குக் கற்பிக்கும் பாடம், களைப்பு என்பது விதியன்று; அதில் ஒரு பகுதியை நிர்வாகம் உண்டாக்குகிறது, நிர்வாகத்தாலேயே அதை நீக்கவும் முடியும் என்பதாகும்.

இனிப் பரிகாரங்களைச் சொல்கிறேன். முதலாவது, பணமே செலவில்லாதது: ஷிப்ட் பட்டியல். அடுத்த வாரம் எந்த முறை என்பதைச் சனிக்கிழமை மாலை தெரிவிக்கும் வழக்கம் ஒழிந்து, ஒரு மாதத்துக்கு முன்னரே பட்டியல் ஒட்டப்பட வேண்டும். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று ஏற்பாடு செய்ய அவளுக்கு அவகாசம் வேண்டும். முறைகள் மாறித்தான் ஆக வேண்டுமென்றால், பகலிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து இரவுக்கும் என்ற கிரமத்தில் மாற வேண்டும். இரவிலிருந்து பின்னோக்கி மாறுவதைவிட இது தேகத்துக்குச் சுலபம் என்று உறக்கத்தை ஆராய்ந்தோர் கூறுகிறார்கள். இரண்டு ஷிப்டுகளுக்கிடையே பதினொரு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமென்பது, 1990-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இரவு வேலையைப் பற்றி வகுத்த பரிந்துரையிலேயே உள்ளது. அதே ஆண்டின் இரவு வேலை உடன்படிக்கை, இரவில் உழைப்போர்க்கு இலவச உடற்பரிசோதனையையும், உடல் இடங்கொடாதபோது வேறு வேலைக்கு மாற்றுவதையும் கோருகிறது. இந்தியா அதற்கு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை. தனியே குழந்தை வளர்ப்போர்க்கு, அவர்கள் விரும்பினால், மாறாத ஒரே ஷிப்டைத் தேர்ந்தெடுக்க முன்னுரிமையும், சக தொழிலாளியோடு முறையை மாற்றிக்கொள்ளத் தண்டனையில்லாத அனுமதியும் அளிப்பது எந்த மில்லின் உற்பத்தியையும் குறைத்துவிடாது.

இரண்டாவது, இரவிலும் திறந்திருக்கும் குழந்தைக் காப்பகம். இங்கேதான் மெய்யான ஆட்சேபம் எழுகிறது. காப்பகச் செலவைத் தாய்மாரை வேலைக்கு வைக்கும் முதலாளியின் தலையில் கட்டினால், அவர் தாய்மாரை வேலைக்கு வைக்காமலே இருந்துவிடுவார் என்பது அந்த ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. சலுகை என்று நாம் கொடுப்பது, வேலை கேட்டு நிற்கும் வாசலில் அவளுக்கே தடையாக முடியலாம். இதற்கு விடையை நாமே எழுபது ஆண்டுகளுக்கும் முன்னரே கண்டுபிடித்துவிட்டோம். நோயுற்ற தொழிலாளியின் செலவை அவனுடைய முதலாளி ஒருவரே ஏற்க வேண்டுமென்று விதித்திருந்தால் பலவீனமானவனுக்கு வேலையே கிடைத்திராது; ஆகையால் 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் தன் வரம்புக்குள் வரும் முதலாளிகளிடமும் தொழிலாளரிடமும் சம்பளத்தில் ஒரு பங்கைத் திரட்டிப் பொது நிதியாக்கியது. இன்று முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம். குழந்தைக் காப்பகத்துக்கும் இதே வழிதான் பொருந்தும். ஆணை வைத்தாலும் பெண்ணை வைத்தாலும், தாயை வைத்தாலும் கன்னியை வைத்தாலும், ஒவ்வொரு முதலாளியும் செலுத்தும் சிறு பங்கிலிருந்து, தொழிற்பேட்டைக்கு ஒன்றாகவோ மில்கள் நெருங்கிய ஊருக்கு ஒன்றாகவோ, மூன்று ஷிப்டும் இயங்கும் பொதுக் காப்பகத்தை அரசு நடத்தினால், தாயை ஒதுக்குவதில் எவருக்கும் லாபமில்லாமல் போகும். தொழிலாளர், முதலாளி, அரசு ஆகிய மூவரிடமும் நிதி பெறும் தொழிலாளர் நல வாரியம் நம் மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக ஓர் இலாகாவைச் சிருஷ்டிக்கும் அவசியமும் இல்லை. அந்தக் காப்பகத்தின் வயது வரம்பு ஆறோடு நில்லாமல் பன்னிரண்டு வரையேனும் போக வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்துகிறேன்.

மூன்றாவது பரிகாரம் அரசிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. பகலில் உறங்குகிறவளைச் சோம்பேறியென்று சொல்லாத தெருவும், அவள் கதவைத் தட்டாத உறவினரும், மாலை ஆறு மணிக்கு அவள் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளோடு உட்கார வைத்துப் படிக்கச் சொல்லும் அண்டை வீட்டாரும் சட்டத்தினால் கிடைப்பவர்களல்லர். தங்கை தனியே அல்லலுறுவதைக் கண்டும், பொங்கல் சீரோடு தன் கடமை தீர்ந்ததாக எண்ணும் அண்ணன்மார், மாதத்தில் நான்கு இரவுகள் அந்தக் குழந்தைகளுக்குக் காவலிருந்தால் அது சீரைவிடப் பெரிய சீர். மனைவியை இழந்து பிள்ளைகளோடு நிற்கும் இரவுக் காவலாளியும், லாரி ஓட்டுநரும் இதே துன்பத்தில் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கலாகாது. ஆண்பிள்ளைக்கு என்ன என்ற ஒரு சொல்லால் அவர்களுக்கு உதவியும் மறுக்கப்படுகிறது, அனுதாபமும் மறுக்கப்படுகிறது. மத்திய அரசு ஊழியரான தாய்க்கும், தனியே பிள்ளை வளர்க்கும் தகப்பனுக்கும், பணிக்காலத்தில் 730 நாள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. அந்த நியாயத்தின் ஒரு துளிகூட மில் தொழிலாளிக்கு எட்டவில்லை.

இவையெல்லாம் வந்து சேரும் வரை, இன்றிரவு வேலைக்குப் போக வேண்டியவள் என்ன செய்வாள்? அவளுக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கில்லை. அனுபவசாலிகளான தொழிலாளர் தமக்குள் கைக்கொள்ளும் சிலவற்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். இரவு ஷிப்ட் நாள்களில், பகலில் இன்ன சில மணி நேரம் உறக்கத்துக்கு என்று தினமும் மாறாமல் வைத்துக்கொண்டால் உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும். ஜன்னலுக்குக் கனத்த புடவையொன்றைத் திரையாக்கினால் பகல் சற்றேனும் இரவாகும். பின்னிரவுத் தேநீரை நிறுத்திவிட்டால் காலையில் கண் அயரும். வேலைக்குப் புறப்படுமுன் பிள்ளைகளோடு அரைமணி கண்மூடுவது பின்னிரவில் கை கொடுக்கும். ஒரே வளவில் வசிக்கும் இரு பெண்கள் எதிரெதிர் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒருத்தி வேலைக்குப் போகும்போது மற்றவள் இரு வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, ஷிப்டை மாற்றிக் கொடுக்க மேஸ்திரி மனம் வைத்தால், எந்தக் காப்பகத்துக்கும் குறைந்ததன்று. பெருக்காத வீடும் மடிக்காத துணியும் பாவமல்ல. உறக்கத்தைத் தியாகம் செய்து வீட்டை மினுக்குவதைவிட, வீட்டைச் சற்றுக் கலைந்திருக்க விட்டு உறங்குவதே குழந்தைக்கு நன்மை.

2023 ஏப்ரலில், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எழுப்பிய எதிர்ப்பினால் அது சில நாள்களுக்குள் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. வேலை நேரத்தை நீட்டலாகாது என்று உரக்கச் சொல்லத் தெரிந்த சமூகம் இது; உறக்க நேரத்தைக் குறைக்கலாகாது என்று சொல்வதற்கு அடுத்த அடி எடுத்து வைப்பது அதற்குக் கடினமன்று. முதலீட்டாளர் மாநாடுகளில் கையெழுத்தாகும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், இத்தனை கோடி ரூபாய், இத்தனை ஆயிரம் வேலைகள், அவற்றுள் பெண்களுக்கு இத்தனை என்று எண்கள் அச்சிடப்படுகின்றன. அவற்றின் கீழே இன்னும் ஒரு வரி சேர வேண்டும்: மூன்றாம் ஷிப்டுக்கு வரும் தாய்மாரின் பிள்ளைகள் அன்றிரவு எங்கே படுப்பார்கள், அத்தாய்மார் மறுநாள் எத்தனை மணி நேரம் உறங்குவார்கள் என்பதற்கு ஒப்பந்தக்காரரும் அரசும் சேர்ந்து தரும் விடை. அந்த வரியை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுக்கும் ஓர் அமைச்சரையும், அதை ஏன் எழுதவில்லை என்று கேட்கும் ஒரு தொழிற்சங்கத்தையும் கோர நமக்கு முழு உரிமை உண்டு.